டிராஃப்டுக்கு முன் பையன்களை எடைபோடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு குளிர்காலமும் மெல்பர்னைச் சுற்றியுள்ள மைதானங்களில், 18 வயதுக்கு உட்பட்டோருக்கான டாலண்ட் லீக் ஆட்டங்களில், சில புது முகங்கள் தென்படும். கையில் நோட்டு, கழுத்தில் பைனாகுலர், மழைக்கோட்டு. ஏ.எஃப்.எல்., அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்தின் தேசிய லீகில் ஆடும் கிளப்களுக்காகப் பகுதிநேரமாக ஆள் பார்க்க வந்தவர்கள். நானும் அந்த வேலையைத்தான் பல வருடமாகச் செய்கிறேன். அவர்கள் நோட்டில் என்ன எழுதுவார்கள் என்று எட்டிப் பார்க்காமலே சொல்லிவிட முடியும். ஏனென்றால் அதே வரிகளைத்தான் எங்கள் தலைமுறையும் எழுதியது.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டை வடிவ மைதானம், முட்டை வடிவப் பந்து, ஒரு பக்கத்துக்கு 18 பேர். பந்தை உதைக்கலாம், அல்லது ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம். எறியக்கூடாது. நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. தேசிய டிராஃப்ட் வழக்கமாக நவம்பரில் நடக்கும். அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் 18 வயது நிறைகிற பையன்களைக் கிளப்கள் வரிசை முறைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். பொதுவாக, மோசமாக ஆடிய கிளப்புக்கு முதல் வாய்ப்பு.

ஹைலைட்ஸ் வீடியோவை மட்டும் நம்பாதே, ஒரே ஆட்டத்தை வைத்து முடிவு கட்டாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பந்தையே பார்த்துக்கொண்டிருப்பது

பந்து போகிற பக்கம் கண் போவது இயல்பு. ஆனால் நீங்கள் ரசிகராக வரவில்லை. ஒரு பையனைத் தேர்ந்தெடுத்து, ஒரு கால் பகுதி (ஆட்ட நேரத்தில் நான்கில் ஒன்று) முழுக்க அவனை மட்டுமே பாருங்கள். பந்து மைதானத்தின் மறுகோடியில் கிடக்கும்போது அவன் எங்கே நிற்கிறான்? எதிரணி பந்தை எடுத்த நொடியில் திரும்பி ஓடுகிறானா, இல்லை இடுப்பில் கை வைத்துக்கொள்கிறானா? இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடியாது, கேமராவும் பந்தின் பின்னால்தான் ஓடும். மைதானத்துக்கு நேரில் போவதே இதற்குத்தான்.

எண்ணிக்கையில் மயங்குவது

"30 டிஸ்போசல்" என்று தாளில் பார்த்ததும் புதியவர்கள் நோட்டில் நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். டிஸ்போசல் என்பது உதைத்ததும் குத்தி அனுப்பியதும் சேர்ந்த கணக்கு, அவ்வளவுதான். தற்காப்புப் பக்கம், அரைப் பின்வரிசையில் நின்று பக்கத்தில் இருப்பவனுக்குப் பத்துத் தடவை தள்ளிவிட்டாலும் பத்து. நாலு பேர் மேலே விழும் குவியலுக்குள் கைவிட்டுப் பந்தை உருவி எடுத்தாலும் ஒன்றுதான்.

காற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பாலரட் போன்ற ஊர்களில் காற்று ஒரு பக்கக் கோலை நோக்கி அடித்தால் ஆட்டமே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். காற்றோடு ஆடிய கால் பகுதியில் ஒரு ஃபார்வர்ட் (முன்வரிசை வீரன்) மூன்று கோல் போட்டதும், காற்றுக்கு எதிரே ஒரே ஒரு கோல் போட்டதும் ஒன்றல்ல. யாருக்கு எதிராக என்பதும் முக்கியம். மெல்பர்னின் பெரிய தனியார் பள்ளிகளில் படிக்கும் பையன்கள் சீசனில் பாதிக்கு மேல் பள்ளி அணிக்குத்தான் ஆடுவார்கள். அங்கே எதிரணியின் தரம் வாரத்துக்கு வாரம் மாறும்.

சீக்கிரம் வளர்ந்துவிட்ட உடம்பைத் திறமை என்று நினைப்பது

இந்த ஒரு தவறு மட்டும் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்புகிறது. தவிர்ப்பது சுலபம், செய்தால் விலை அதிகம், இருந்தும் வருடா வருடம் நடக்கிறது.

டாண்டனாங்கில் ஷெப்லி ஓவல் மைதானம். விடாத தூறல். என் பக்கத்தில் நின்ற இளைஞருக்கு அதுதான் முதல் சீசன். நடுவரிசையில் ஆடிய ஒரு பையனைப் பார்த்து அவர் சொக்கிப் போயிருந்தார். பையனுக்குத் தாடி, தொடை இரண்டும் தூண். தன்னைப் பிடிக்க வந்தவர்களை உதறிவிட்டு முன்னேறிக்கொண்டே இருந்தான். இளைஞர் நோட்டில் "தடுக்கவே முடியாதவன்" என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

"எந்த மாசம் பிறந்தவன்?" என்று கேட்டேன். தெரியவில்லை. அதே ஆட்டத்துக்கு எங்களிடம் கொடுத்திருந்த பட்டியலில் பிறந்த தேதி அச்சாகியிருந்தது. ஜனவரி. அவனைப் பிடிக்கத் தாவி வழுக்கி விழுந்த பையன்களில் ஒருவன் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவன். இருவரும் ஒரே டிராஃப்டுக்குத்தான் வருகிறார்கள், நடுவே கிட்டத்தட்ட ஒரு வருட இடைவெளி. 17 வயதில் ஒரு வருடம் என்பது எவ்வளவு என்று வீட்டில் அண்ணன் தம்பியைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த மாதம்கூட பாதிக் கதைதான். ஒரே மாதத்தில் பிறந்த இருவரில் ஒருவன் 14 வயதிலேயே வளர்ந்து முடித்திருப்பான், இன்னொருவனுக்கு 19 வரை எலும்பு நீண்டுகொண்டிருக்கும்.

"சரி, பலமும் ஒரு திறமைதானே?" என்றார் அவர். நியாயமான கேள்வி. ஆனால் 22 வயதில் அந்தப் பலம் எல்லாருக்கும் வந்துவிடும். அப்போது அவனிடம் என்ன மிஞ்சும் என்பதுதான் நாம் பார்க்க வந்தது. பெரிய லாரி ஓட்டுகிறவன் ஹாரன் அடித்தே வழி வாங்கிவிடுவான், சந்துக்குள் வண்டியைத் திருப்பப் பழகவே மாட்டான். உடம்பால் தப்பித்துக்கொண்டே வந்த பையனும் அப்படித்தான். பிடி விழும் முன்னே பந்தை விட்டுவிடும் அவசரம் அவனுக்கு வந்திருக்காது. அவனுக்கு இதுவரை அது தேவைப்பட்டதே இல்லை.

அதனால் அடுத்த பாதியில் அவன் பாதங்களை மட்டும் பார்க்கச் சொன்னேன். இடது பக்கம் நெருக்கடி வந்தபோதெல்லாம் அந்தப் பையன் இடது காலால் உதைக்காமல், முழு வட்டம் சுற்றி வலது காலுக்குத் திரும்பினான். அந்தச் சுற்றுக்கு ஒரு நொடிக்கு மேல் ஆகும். சின்னப் பையன்கள் அந்த நொடியில் அவன் முதுகில் மோதி விழுந்தார்கள். ஒருமுறை மட்டும் வேறு வழியில்லாமல் இடது காலால் உதைத்தான். பந்தை விடும் கை இடுப்புயரத்திலிருந்து சும்மா நழுவவிட்டது. பந்து காற்றில் குறுக்கே புரண்டு, பாதத்தின் ஓரத்தில் பட்டு, எல்லைக் கோட்டுக்கு வெளியே போனது. புள்ளிவிவரத் தாளில் அதுவும் ஒரு டிஸ்போசல்.

சில வாரம் கழித்து அவனுக்கு விக்டோரியாவின் மாநில லீகான வி.எஃப்.எல்.லில், அதாவது வளர்ந்த ஆண்களோடு, ஒரு வாய்ப்புக் கிடைத்தது. முதல் கால் பகுதியிலேயே திரும்பத் திரும்பப் பிடிபட்டான். பந்தை விட வாய்ப்பிருந்தும் விடாமல் மாட்டிக்கொண்டால் எதிரணிக்கு ஃப்ரீ கிக் என்பது இந்த ஆட்டத்தின் விதி. அதே சுற்று, அதே வலது கால், இந்த முறை முதுகில் மோதியவர்கள் விழவில்லை. இதற்குப் பிறகும் ஒரு கிளப் அவனை டிராஃப்டின் முதல் சுற்றிலேயே எடுத்தது. முதல் சுற்று வாய்ப்பு என்பது ஒரு கிளப்புக்கு ஆண்டுக்குப் பொதுவாக ஒன்றுதான். அதோடு ஒப்பந்தம், சம்பளம், அந்த இடத்தில் வந்திருக்கக்கூடிய இன்னொரு பையன் எல்லாம் போயிற்று. "நீ பெரிய ஆளாக வருவாய்" என்று ஊரே சொல்லி வளர்த்த அந்தப் பையனின் நிலைமையை இங்கே எழுத மனம் வரவில்லை.

என்ன செய்யலாம்? பட்டியலில் பிறந்த தேதியைப் பாருங்கள். பெற்றோர் மைதானத்துக்கு வந்திருந்தால் அவர்கள் உயரத்தைப் பாருங்கள். கடந்த ஒரு வருடத்தில் எவ்வளவு வளர்ந்தான், எத்தனை முறை பூட்ஸ் மாற்றினான் என்று விசாரியுங்கள். அப்பனை விட ஏற்கனவே அரை ஜாண் உயரமாகிவிட்டவன் இனி எவ்வளவு வளர்வான்? அப்புறம், அவன் பெரியவர்களோடு ஆடிய ஆட்டம் ஒன்று கிடைத்தால் எப்பாடுபட்டாவது அதைப் பாருங்கள். தெற்கு ஆஸ்திரேலியாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் நல்ல பையன்களுக்கு அந்தந்த மாநில லீகுகளான எஸ்.ஏ.என்.எஃப்.எல்., டபிள்யூ.ஏ.எஃப்.எல். முதல் அணிகளிலேயே இடம் கிடைப்பதுண்டு. பெரியவர்களோடு அவன் எடுத்த பந்து எண்ணிக்கையில் பத்தாகவே இருக்கட்டும். ஒவ்வொன்றையும் எப்படி எடுத்தான், எத்தனை வேகமாக விட்டான் என்று பாருங்கள்.

மறுபக்கமும் உண்டு. லேக் கிரேஸ் என்ற கோதுமை ஊரிலிருந்து வந்த நாட் ஃபைஃப் 2009 டிராஃப்டில் 20ஆவது தேர்வு. அப்போது ஒல்லிப் பையன். உடம்பு பின்னால்தான் வந்தது, கூடவே 2015இலும் 2019இலும் ஆண்டின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கமும் வந்தது. 2020இல் கொரோனாவால் விக்டோரியாவில் 18 வயதுக்கு உட்பட்டோர் லீக் நடக்கவே இல்லை. அந்தப் பையன்களின் முந்தைய வருடத்து வீடியோவைத்தான் கிளப்கள் நம்ப வேண்டியிருந்தது. 16, 17 வயதில் எடுத்த வீடியோவில் யார் எடுப்பாகத் தெரிவார்கள்? சீக்கிரம் வளர்ந்தவர்கள்தான்.

20 மீட்டர் ஓட்டத்தைக் கும்பிடுவது

அக்டோபரில் கம்பைன் என்ற உடல்திறன் சோதனை. 20 மீட்டர் ஓட்டம், 2 கி.மீ. ஓட்டம், நின்ற இடத்திலிருந்து தாவல், வளைந்து நெளிந்து ஓடும் சோதனை. 20 மீட்டரை 3 நொடிக்குள் ஓடினால் நல்ல வேகம், 2.9க்குக் கீழே போனால் அறையில் எல்லாரும் தலை தூக்குவார்கள். அந்தத் தளத்தில் பந்து இல்லை, எதிராளி இல்லை. எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சாம் மிட்செலை 2000 டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. குள்ளம், வேகம் போதாது என்ற பேச்சு. அடுத்த வருடம் பாக்ஸ் ஹில் அணியில் பெரியவர்களோடு ஆடினார். 2001இல் 36ஆவது தேர்வாக ஹாதார்ன் கிளப் எடுத்தது. நாலு சாம்பியன் பட்டம், 2012க்கான பிரவுன்லோ. இரண்டு காலாலும் ஒரே மாதிரி உதைப்பவர் என்பதால் அவருக்குச் சுற்றித் திரும்ப வேண்டிய வேலையே இல்லை. மேலே சொன்ன அந்த ஒரு நொடியை அவர் எப்போதும் மிச்சம் பிடித்தார். எந்த ஸ்டாப்வாட்ச்சும் அதை அளக்காது.

மெதுவான பையன்களையெல்லாம் எடுக்கச் சொல்லவில்லை. பெரும்பாலான மெதுவான பையன்கள் வெறும் மெதுவான பையன்கள்தான்.

காயத்தைப் பார்த்துப் பயப்படுவது

முட்டியைப் பற்றி மருத்துவர் முடிவு செய்யட்டும். முட்டித் தொந்தரவால் 2006இல் அதிகம் ஆடாத ஜோயல் செல்வுட் ஏழாவது தேர்வு வரை இறங்கி ஜீலாங்குக்குக் கிடைத்தார். 355 ஆட்டம் ஆடினார்.

பேட்டியில் அசந்துபோவது

கிளப்கள் எடுக்கும் பேட்டியில் எல்லாப் பதிலும் பையனின் மேலாளர் சொல்லிக்கொடுத்தது.

"அடுத்த ஃபைஃப்" என்று எழுதுவது

எழுதாதீர்கள்.

விலை போடாமல் அறிக்கை எழுதுவது

புதியவர்களின் அறிக்கையில் "நல்ல பையன், எடுக்கலாம்" என்று முடிந்திருக்கும். டிராஃப்டில் எத்தனையாவது இடத்தில்? அதுதான் விலை. 2004இல் ரிச்மண்ட் நான்காவதாக ரிச்சர்ட் டாம்ப்ளிங்கை எடுத்தது. ஐந்தாவதாக ஹாதார்ன் எடுத்த லான்ஸ் ஃபிராங்க்ளின் பின்னாளில் ஆயிரம் கோலைத் தாண்டினார். இதை வைத்து ரிச்மண்டை இன்றுவரை கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. டாம்ப்ளிங் நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடியவர். 40ஆவது இடத்தில் அப்படி ஒருவர் கிடைத்திருந்தால் ரெக்ரூட்டரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியிருப்பார்கள். மாறாக டேன் ஸ்வான் 2001இல் 58ஆவது தேர்வு, லாக்கி நீல் 2011இலும் 58ஆவது தேர்வு. இருவரும் பிரவுன்லோ வாங்கினார்கள். எடுத்த கிளப்களே அதை எதிர்பார்த்திருந்தால் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்கள். இந்த விலைக்கு இவனில் பழுதில்லை என்று யாரோ ஒருவர் எழுதியிருந்தார், அது போதுமானதாக இருந்தது.

அதனால் என்னிடம் பழகுகிறவர்களை அறிக்கையின் கடைசி வரியில் இரண்டு எண்கள் எழுதச் சொல்கிறேன். இந்த இடத்துக்கு முன்னால் இவனை எடுக்காதே, இந்த இடத்துக்குப் பிறகும் கிடைத்தால் விடாதே. ஷெப்லி ஓவலில் அடிக்கோடு போட்ட அந்த இளைஞர் ஆரம்பத்தில் இதற்கு ரொம்பவே திணறினார். 15 என்று எழுதுவார், அழித்து 30 என்பார். முதல் எண்ணுக்கு முன்பே வேறு கிளப் தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டார். போகட்டும், பட்டியலில் அடுத்த பெயருக்குப் போங்கள் என்றேன்.