பங்கிலிருந்து பொதுவேலைக்கு வரும் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பனிலிருந்து தொண்டி வரைக்கும் கடலோரக் கத்தோலிக்கப் பங்குகளின், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த சபைகளின், இளைஞர்கள் இப்போது பொதுவேலையில் இறங்குகிறார்கள். மனு எழுதுகிறார்கள், வார்டுக்கு நிற்கிறார்கள். நல்லதுதான். ஆனால் முன்னே நாங்கள் வழுக்கி விழுந்த அதே பாசியில்தான் காலை வைக்கிறார்கள். மேடையில் கத்துவது, கட்சிக்காரரோடு படம் எடுத்துப் போடுவது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். வயதானால் அவை தானாகப் போய்விடும்.

ஊர்ப் பிரச்சினையைப் பங்குப் பிரச்சினை ஆக்குவது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை ஒரு விசைப்படகைப் பிடித்துக்கொண்டு போனது. படகில் ஐந்து பேர். மறுநாள் காலையிலேயே கோயில் நிர்வாகக் குழுவான பங்குப் பேரவையின் தாளில் மனு தயார். மேலே சிலுவை முத்திரை, கீழே ஃபாதர் கையெழுத்து, நடுவில் மூன்றே மூன்று பெயர். மற்ற இரண்டு பேர்? ஒருவர் பக்கத்துத் தெரு முஸ்லிம் பையன், இன்னொருவர் முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து கூலிக்கு வந்தவர். "அவங்க நம்ம பங்கு இல்லையேண்ணே" என்றான் எழுதிய தம்பி. கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. பங்குப் பதிவேட்டைப் பார்த்து எழுதியிருக்கிறான்.

அந்தக் கூலிக்காரரின் மனைவி பேருந்து பிடித்து வந்து கோயில் வாசலில் நின்றார். மனுவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டு முடித்ததும், "எங்க வீட்டுக்காரர் பேரு வரலையே?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை.

ஜமாஅத் கோபப்பட்டுத் தனியாக ஒரு மனு கொடுத்தது. ஒரே படகுக்கு இரண்டு மனு, இரண்டு கணக்கு. "முதல்ல உங்களுக்குள்ள பேசிட்டு வாங்க" என்று அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் வேலைநிறுத்தம் அறிவித்தபோது, அது கோயில் ஆட்கள் விஷயம் என்று பாதிப் படகுகள் கடலுக்குப் போய்விட்டன. வேற்று இனத்தானுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையை மறைக்கல்வி வகுப்பில் நாடகமாகவே போட்ட பிள்ளைகள் இவர்கள். கடுப்பு அதனால்தான்.

மீனவர் சங்கத் தாளில் எழுதுங்கள். படகின் பதிவு எண், கடலுக்குப் போக டோக்கன் எடுத்த விவரம், போன அத்தனை பேரின் பெயர், தகப்பனார் பெயர், ஊர். ஃபாதர் கூட வரட்டும், முன்னால் நிற்க வேண்டாம். பங்குப் பேரவைக்கு வேலை இல்லையா என்றால், இருக்கிறது: பிடிபட்ட ஐந்து வீட்டிலும் அன்று அடுப்பு எரிகிறதா என்று பாருங்கள்.

பூசை முடிந்ததும் வேட்பாளரை எழுப்பி நிறுத்துவது

மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி முறைகேடு. இன்னாருக்குப் போடாவிட்டால் கடவுள் கோபம் வரும் என்று மிரட்டுவதும் அதே பிரிவில்தான் வருகிறது. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதமும் கணக்கில் வரும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் ஆள் ஜெயித்தாலும் அந்த வெற்றி கோர்ட்டில் செல்லாமல் போகலாம்.

ஓரியூர்க் கதையை ஒற்றை வரியில் முடிப்பது

1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் சேசு சபைக் குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) வெட்டப்பட்டதை, "இந்து அரசன் கிறிஸ்தவரைக் கொன்றான்" என்று மேடையில் முடித்துவிடுகிறார்கள். அவரிடம் திருமுழுக்குப் பெறுவதற்காகத் தடியத்தேவர் மற்ற மனைவியரை விலக்கி ஒரு மனைவியோடு நின்றார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி இராமநாதபுரம் அரசர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். தடியத்தேவரும் மறவர் அரச குடும்பத்தவர். வீட்டுச் சண்டையும் அரியணைக் கவலையும் அதில் கலந்திருந்தன. அவர் இரத்தம் சிந்தியதால் சிவந்ததாக நம்பப்படும் ஓரியூர்ச் செம்மண்ணை நெற்றியில் இட்டுப் போகிறவர்களில் இந்துக்களும் உண்டு. அவர்கள் எதிரில் நின்று அந்த ஒற்றை வரியைச் சொல்லிப் பாருங்கள்.

வாட்ஸ்அப்

விசாரிக்காமல் எதையும் அனுப்பாதீர்கள்.

அரசியல் சாக்கடை என்று ஒதுங்குவது

அரசியல் நிர்ணய சபையின் துணைத் தலைவர் எச்.சி. முகர்ஜி கிறிஸ்தவர். சென்னையிலிருந்து போன ஜெரோம் டிசூசா சேசு சபைக் குரு. அவர்கள் டெல்லி வரைக்கும் போனார்கள். நீங்கள் கிராம சபை வரைக்கும் போனால் போதும். அது கூடும் நாட்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லோருக்கும் தெரிந்த தேதிகள். மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் இப்போது சேர்ந்திருக்கின்றன. மே 1 மீன்பிடித் தடைக்காலத்தில் வருகிறது. விசைப்படகெல்லாம் கரையில்தான் நிற்கும், கடலுக்குப் போய்விட்டேன் என்று அன்றைக்குச் சொல்ல முடியாது.