வலிப்பு நோட்டு: எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகள்

வலிப்புக்கு மருத்துவர் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் மாற்றுவதும் பெரும்பாலும் வீட்டிலிருந்து வரும் தகவலை வைத்துத்தான். மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் ஈஈஜியும், ஸ்கேனும் எடுத்த நாளின் நிலவரத்தைக் காட்டும். இடையில் போன மூன்று மாதத்தைச் சொல்ல வேண்டியது, வலிப்பைப் பற்றி வீட்டில் எழுதி வைக்கும் நோட்டு. அது தப்பாக இருந்தால் மாத்திரையும் தப்பாகப் போகும்.

முதல் தவறு, வலிப்பு வருகிறவரையே எழுதச் சொல்லிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது. நினைவு தப்பியவருக்கு நடந்தது தெரியாது. தூக்கத்தில் வந்தால் வந்ததே தெரியாது. நாக்கின் ஓரம் கடிபட்டிருப்பது, படுக்கை நனைந்திருப்பது, உடம்பு அடித்துப் போட்ட மாதிரி வலிப்பது ஆகியவைதான் தடயம். எனவே பார்த்தவர் எழுத வேண்டும், பக்கத்தில் தன் பெயரையும் போட வேண்டும். தறிப்பட்டறையிலோ கொலுசுப் பட்டறையிலோ வந்திருந்தால், கூட இருந்தவருக்கு அன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். இரண்டு நாள் தாண்டினால் பார்த்தது பாதி, ஊகம் பாதி ஆகிவிடும்.

வலிப்பு வந்த நாளில் மட்டும் எழுதுவது அடுத்தது. வெறுமனே கிடக்கும் பத்து நாளைப் பார்த்தால், வலிப்பு வரவில்லையா, யாரும் எழுதவில்லையா என்று தெரியாது. தினமும் ஒரு வரி போதும்: காலை மாத்திரை போட்ட நேரம், இரவு மாத்திரை போட்ட நேரம், படுத்த நேரம், எழுந்த நேரம், வலிப்பு 0. கிழிக்கிற தினசரி காலண்டரில் குறித்தால் தாளோடு தகவலும் போய்விடும். சாதாரண ரூல் நோட்டே நல்லது.

நேரத்தைக் குத்துமதிப்பாகப் போடுவதுதான் அதிகம் கெடுக்கிறது. "அரை மணி நேரம் இழுத்தது" என்பார்கள். விசாரித்தால் கை கால் உதறியது இரண்டு நிமிடம், மீதி நேரம் அசந்து கிடந்தது. மருத்துவருக்கு இந்த இரண்டும் ஒன்றே அல்ல. அரை மணி நேரம் நிற்காமல் இழுப்பது உயிருக்கு ஆபத்தான நிலை. அதனால் இரண்டு நேரங்களைத் தனித்தனியாக எழுதுங்கள்: உதறல் நின்ற நேரம், கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்ன நேரம். ஆரம்பித்ததுமே கடிகாரத்தைப் பாருங்கள். சாவியைத் தேடிக் கையில் திணிப்பதால் வலிப்பு நிற்காது, அது தானாகத்தான் நிற்கிறது. வாயில் எதையும் வைக்காமல், அடிபடாதபடி பார்த்துக்கொண்டு, உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். நோட்டு அப்புறம்.

"ஃபிட்ஸ் வந்தது" என்று மட்டும் எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதினால் முடியும்:

"செவ்வாய் காலை 6.20. எழுந்து கால் மணி நேரம். முதலில் தலை இடது பக்கம் திரும்பியது, கண் திறந்திருந்தது. இடது கை இழுத்தது, பிறகு இரண்டு பக்கமும் உதறல். 6.22-க்கு நின்றது. 6.50-க்குத் தன் பெயரைச் சொன்னார். நாக்கில் கடி. நேற்று இரவு மாத்திரை விட்டுப்போச்சு. படுத்தது 1.30."

எந்தப் பக்கம் ஆரம்பித்தது என்பது மூளையின் எந்தப் பகுதி என்று காட்டும். கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதும், இது வலிப்புதானா வேறு ஏதாவதா என்று பிரிக்க உதவும். இன்னொருவர் கூட இருந்தால் அவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். முகமும் முழு உடம்பும் தெரிய வேண்டும்.

சின்ன வலிப்புகளை விட்டுவிடுவதால் வரும் கேடு பெரிது. சில நொடி வெறித்துப் பார்ப்பது, காரணமில்லாமல் வாயைச் சப்புக்கொட்டுவது, வயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்புவது போன்ற உணர்வு, காலையில் காபி டம்ளர் வெடுக்கென்று கையிலிருந்து துள்ளி விழுவது. கைநடுக்கம் என்று நினைத்து இந்தக் கடைசி ஒன்றை யாரும் சொல்வதில்லை. ஆனால் கார்பமசெபின், ஃபெனிடாயின் போன்ற சில வலிப்பு மருந்துகள் அந்தக் காலைத் துள்ளலை அதிகமாக்கக்கூடும். நோட்டில் இருந்தால் மருத்துவர் வேறு மருந்தைப் பார்ப்பார். பெரியதற்கு 'பெ', சின்னதற்கு 'சி' என்று போட்டுத் தனித்தனியாக எண்ணுங்கள்.

அமாவாசையை எழுதிவிட்டுக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பதும் உண்டு. அமாவாசை என்று எழுதுவதில் தவறில்லை. கூடவே அன்று விரதமா, படையல் முடியும்வரை காலை மாத்திரை தள்ளிப்போனதா என்பதையும் எழுதுங்கள். ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்குக் கண் விழித்தது, இரவு ஷிப்ட், காய்ச்சல், குடி எல்லாமே குறிக்க வேண்டியவை. தூக்கம் கெட்டதன் விளைவு பெரும்பாலும் மறுநாள் காலையில் தெரியும், ஆகவே முந்தைய நாளைப் பார்க்காமல் பயனில்லை. பெண்கள் மாதவிலக்கின் முதல் நாளைக் குறித்தால், அதையொட்டி வலிப்பு கூடுகிறதா என்பது மூன்று நான்கு மாதத்தில் விளங்கும்.

ஏற்காட்டுக் குளிருக்குச் சுடச்சுட வெந்நீர் குளிப்பவர்கள் குளியலையும் எழுத வேண்டும். தலையில் வெந்நீர் ஊற்றும்போது வரும் வலிப்பு ஒன்று உண்டு, தென்னிந்தியாவில் நன்றாக அறியப்பட்டது. தலைக்கு ஊற்றினாரா, உடம்புக்கு மட்டுமா, எவ்வளவு சூடு என்று குறியுங்கள். வெதுவெதுப்பான நீராக மாற்றுவதே சிலருக்குப் பாதி வைத்தியம். கதவை உள்ளே தாழிட வேண்டாம்.

மருந்து விஷயத்தில் "வெள்ளை மாத்திரை ஒன்று" என்று எழுதாதீர்கள். பெயரும் மில்லிகிராமும் அச்சான அட்டைத் துண்டை வெட்டி நோட்டில் ஒட்டுங்கள். கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் மாற்றிய தேதியோடு அதையும் ஒட்டுங்கள். குழந்தைக்கு சிரப் என்றால் எத்தனை மில்லி கொடுத்தீர்கள் என்பதோடு, 5 மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று பாட்டிலில் இருப்பதையும், குழந்தையின் எடையையும் எழுத வேண்டும். வீட்டு ஸ்பூன் ஆளுக்கு ஆள் மாறும், பாட்டிலோடு வந்த அளவு மூடியையே வையுங்கள். பல் ஈறு வீக்கம், தள்ளாட்டம், இரட்டையாகத் தெரிவது, திடீர்க் கோபம் ஆகியவற்றுக்கு ஆரம்பித்த தேதி முக்கியம். புது மருந்து தொடங்கிய வாரங்களில் தோலில் தடிப்பு வந்தால் எழுதிவிட்டுக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மலைக் கிராமங்களில் இருப்பவர்கள், கையில் 10 நாள் மாத்திரை மிஞ்சும் தேதியை முன்கூட்டியே வட்டமிட்டு வைப்பது நல்லது. மழையில் ஒரு நாள் இறங்க முடியாமல் போனாலும் வேளை தவறாது.

வரன் பார்க்கத் தொடங்கியதும் நோட்டை ஒளிப்பதும் கிழிப்பதும் மனதை வருத்தும் தவறு. திருமணத்துக்கு வலிப்பு ஒரு தடை என்ற நிபந்தனை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-லேயே நீக்கப்பட்டுவிட்டது. மறைத்துக் கட்டிக்கொடுத்தால் புகுந்த வீட்டில் அந்தப் பெண் மாத்திரையையும் மறைத்துத்தான் போட வேண்டும், வேளை தவறும். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர் என்றால் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும், அந்த மருந்து கருவைப் பாதிக்கும். தானாக நிறுத்தவும் கூடாது.

பார்க்கப் போகும் நாளில் மொத்த நோட்டையும் நீட்டாதீர்கள். சேலம் அரசு மருத்துவமனையானாலும் தனியார் ஆனாலும் கிடைப்பது சில நிமிடம். மாதவாரியாகப் 'பெ' எத்தனை, 'சி' எத்தனை, விட்டுப்போன வேளை எத்தனை, கேட்க வேண்டியது என்ன என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக, வலிப்பு நின்றதும் நோட்டை மூடிவிடுவது. பலருக்கு 2 ஆண்டு வராமல் இருந்தால் மாத்திரையைக் குறைப்பது பற்றி மருத்துவர் யோசிப்பார். கடைசியாக வந்தது 'சி' என்றால் அந்தக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும், கடைசி 'பெ'-யிலிருந்து அல்ல. குறைக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு முறை குறைத்த தேதியையும் அளவையும் எழுதுங்கள். நிறுத்திய பிறகு திரும்ப வருவதென்றால் பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் வரும், ஆகவே அந்த ஆண்டு முழுவதும் தினம் ஒரு வரி தொடரட்டும்.