கூட்டாட்சியில் சட்டம் படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

நாடாளுமன்றத்தில் மசோதா நிறைவேறியதும், இனி நாடு முழுவதும் இதுதான் சட்டம் என்று எழுதிவிடுகிறோம். ஒற்றையாட்சி நாட்டில் அது ஏறக்குறையச் சரி. சட்டம் இயற்றும் அதிகாரம் கூட்டரசுக்கும் (இந்தியாவில் ஒன்றியம்) மாநிலங்களுக்கும் பிரிந்திருக்கும் கூட்டாட்சி நாட்டில் அப்படி எழுதும்போது, சரிபாராமலே மூன்று விஷயங்களை நம்பிவிடுகிறோம். அந்தப் பொருளில் சட்டம் இயற்ற அந்த அவைக்கு அதிகாரம் உண்டு, மாநிலச் சட்டம் எதுவும் எதிரே நிற்கவில்லை, சட்டம் நடைமுறைக்கும் வந்துவிட்டது என்பவையே அவை. தவறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான் தொடங்குகின்றன.

மோதினால் மேலேயுள்ள சட்டமே வெல்லும் என்று நினைப்பது

இது பாதி உண்மை. மோதல் என்ற கேள்வியே இரண்டு அவைகளுக்கும் அந்தப் பொருளில் அதிகாரம் இருந்தால்தான் எழும். மாநிலத்துக்கு மட்டுமே உரிய பொருளில் கூட்டரசு நாடாளுமன்றம் கைவைத்திருந்தால், அந்தச் சட்டம் அதிகாரமின்மையாலேயே விழுந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஆகவே முதலில் அதிகாரம், பிறகுதான் முரண்பாடு. இந்த வரிசையை மாற்றிப் படித்தால் முடிவும் தலைகீழாகிவிடும்.

இந்திய அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன: ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், இருவரும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியல். முரண்பாட்டுச் சிக்கல் பெரிதும் பொதுப்பட்டியலில்தான். அங்கே 254(1) பிரிவின்படி ஒன்றியச் சட்டம் செல்லும்; மாநிலச் சட்டம் முரண்படும் அளவுக்கு மட்டும் செல்லாது. "அளவுக்கு மட்டும்" என்பதைப் பலர் விட்டுவிட்டு, மாநிலச் சட்டம் முழுவதுமே ரத்தானதாக எழுதுகிறார்கள். ஒரு பிரிவு முரண்பட்டால், பிரித்தெடுக்க முடிகிறவரை, அந்தப் பிரிவு மட்டும்தான் போகும்.

அடுத்து 254(2). பொதுப்பட்டியலில் மாநிலப் பேரவை இயற்றிய சட்டத்தை ஆளுநர் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பி, அவர் ஒப்புதல் தந்துவிட்டால், முந்தைய ஒன்றியச் சட்டத்தோடு முரண்பட்டாலும் அந்த மாநிலத்தில் மாநிலச் சட்டமே செல்லும். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்குத் தமிழ்நாடு 2017-இல் செய்த ஜல்லிக்கட்டுத் திருத்தம் இந்த வழியில் வந்ததுதான். 2023-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றது. ஆனால் இந்த ஒப்புதல் நிரந்தரக் கவசம் அல்ல. அதே பொருளில் நாடாளுமன்றம் பிறகு புதிய சட்டம் இயற்றி, மாநிலச் சட்டத்தைத் திருத்தலாம், நீக்கவும் செய்யலாம். அதேபோல், மாநிலத்துக்கு அதிகாரமே இல்லாத பொருளில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அந்த அதிகாரத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிடாது.

நாட்டுக்கு நாடு விதி மாறும். ஆஸ்திரேலியாவில் 109-ஆவது பிரிவுப்படி கூட்டரசுச் சட்டம்தான் வெல்லும். ஆனால் அந்தக் கூட்டரசுச் சட்டம் பின்னர் நீக்கப்பட்டால், முடங்கிக் கிடந்த மாநிலச் சட்டம் மறுபடி உயிர்பெறும். கனடாவில் முதியோர் ஓய்வூதியப் பொருளில் மாகாணச் சட்டத்தைக் கூட்டரசுச் சட்டம் பாதிக்க முடியாது. ஜெர்மனியில் இயற்கைப் பாதுகாப்பு, வேட்டை போன்ற சில துறைகளில் 2006 முதல் மாநிலங்கள் கூட்டரசுச் சட்டத்திலிருந்து விலகிச் சட்டம் இயற்றலாம். எது பிந்தையதோ அது செல்லும். அங்கே தேதியைப் பார்க்காமல் விடை சொல்லவே முடியாது.

சட்டத்தின் பெயரை வைத்துப் பட்டியலைத் தீர்மானிப்பது

வங்காளத்தின் 1940-ஆம் ஆண்டு வட்டிக்கடைக்காரர் சட்டம், கடன் வாங்கியவரிடமிருந்து வசூலிக்கும் வட்டிக்கு வரம்பு வைத்தது. புரோநோட்டின் பேரில் கொடுத்த கடனும் அதில் அடங்கியது. புரோநோட்டு அன்றைய கூட்டரசுப் பட்டியலில் இருந்த பொருள். மாகாணம் அதைத் தொடலாமா என்ற கேள்வி எழுந்தது. 1947-இல், அன்று மேல்முறையீடுகளை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில், சட்டத்தின் உண்மையான நோக்கமும் சாரமும் கடன் கொடுப்பதை ஒழுங்குபடுத்துவதே என்றும், புரோநோட்டை அது போகிற போக்கில் தொடுவதால் மட்டும் செல்லாததாகிவிடாது என்றும் தீர்ப்பளித்தது. இன்றைக்கும் நீதிமன்றங்கள் பட்டியல் தகராறில் இந்த அளவுகோலைத்தான் எடுக்கின்றன. சட்டம் எந்தெந்தப் பொருளைத் தொடுகிறது என்று எண்ணுவதைவிட, எதற்காக இயற்றப்பட்டது, என்ன விளைவைத் தருகிறது என்று பார்ப்பதே பயன்படும்.

வரிக்கு வேறு கணக்கு. ஒரு தொழிலை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் இருந்தால் அதன்மேல் வரி போடும் அதிகாரமும் தானாக வரும் என்பது தவறு. இந்தியப் பட்டியல்களில் வரிக்கான பதிவுகள் தனியாக உள்ளன. ஒன்றியமும் மாநிலங்களும் ஒரே நேரத்தில் ஜிஎஸ்டி விதிக்க வேண்டியிருந்ததால்தான் 2016-இல் 101-ஆவது திருத்தத்தின் மூலம் 246ஏ என்ற புதிய பிரிவே தேவைப்பட்டது.

எந்தப் பட்டியலிலும் இல்லாத பொருள்? இந்தியாவிலும் கனடாவிலும் அது கூட்டரசுக்கு. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஜெர்மனியிலும் மாநிலத்துக்கு. இன்னொன்று: பழைய பாடப்புத்தகத்தை நம்பிப் பட்டியலைச் சொல்லாதீர்கள். கல்வியும் காடுகளும் 1976-இன் 42-ஆவது திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குப் போய்விட்டன.

எல்லா மேலவையும் ஒன்றுதான் என்று எண்ணுவது

மாநிலங்களின் பெயரில் அவை இருக்கிறது என்பதால் அங்கே மாநிலங்கள்தான் வாக்களிக்கின்றன என்று ஆகிவிடாது. இந்திய மாநிலங்களவையிலும் ஆஸ்திரேலிய செனட்டிலும் உறுப்பினர்கள் தனித்தனியாக, பெரும்பாலும் கட்சி வாரியாக வாக்களிக்கிறார்கள். ஜெர்மனியின் மேலவையான புண்டஸ்ராட்டில் அமர்வது மாநில அரசுகளே. மக்கள்தொகையைப் பொறுத்து ஒவ்வொரு மாநிலத்துக்கும் 3 முதல் 6 வாக்குகள், மொத்தம் 69. ஒரு மாநிலத்தின் வாக்குகளைப் பிரித்துப் போட முடியாது. முடிவெடுக்க 35 வாக்கு வேண்டும்.

இங்கேதான் நடுநிலை வகிப்பதைத் தவறாகப் படிக்கிறார்கள். மேலவையின் சம்மதம் கட்டாயமான மசோதாவுக்கு 35 ஆதரவு வாக்கு வேண்டும் என்பதால், நடுநிலை வகித்தால் அது எதிர்ப்பு வாக்குக்குச் சமம். ஆட்சேபம் மட்டுமே எழுப்பக்கூடிய மசோதாவில் ஆட்சேபத்துக்கே 35 வேண்டும். அங்கே அதே நடுநிலை மசோதாவுக்குத்தான் உதவும். மாநிலக் கூட்டணி அரசுக்குள் கட்சிகள் ஒத்துப்போகாவிட்டால் வழக்கமாக நடுநிலைதான் வகிக்கும் என்பதால், இந்தக் கணக்கை விட்டுவிட்டு ஜெர்மன் சட்டச் செய்தியைப் புரிந்துகொள்ள முடியாது. 2002 மார்ச்சில் குடியேற்றச் சட்ட வாக்கெடுப்பில் பிராண்டன்பர்க் மாநிலத்தின் ஒரு பிரதிநிதி ஆம் என்றார், இன்னொருவர் இல்லை என்றார். அவைத் தலைவர் அதை ஆம் என்று எண்ணினார். அந்த ஒரே காரணத்துக்காக அரசமைப்பு நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் சட்டத்தையே ரத்து செய்தது.

இரு அவைகளும் முரண்பட்டால் கூட்டுக்கூட்டம் கூட்டித் தீர்த்துவிடலாம் என்பதும் எளிதாக வந்துவிடும் வாக்கியம். இந்தியாவில் சாதாரண மசோதாக்களுக்காக இதுவரை 1961, 1978, 2002 என மூன்று முறை அது நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1974-இல் ஒரே முறை. இந்தியாவில் அரசமைப்புத் திருத்தத்துக்கு அந்த வழி கிடையாது. பண மசோதாவுக்கும் கிடையாது. அதை மாநிலங்களவை 14 நாளுக்குள் பரிந்துரைகளோடு திருப்பி அனுப்பலாம், அந்தப் பரிந்துரைகளை ஏற்பதும் தள்ளுவதும் மக்களவையின் விருப்பம். ஆஸ்திரேலிய செனட் வரி மசோதாவைத் திருத்த முடியாது, ஆனால் நிராகரிக்க முடியும்.

நிறைவேறிய நாளையே நடைமுறை நாளாகக் கொள்வது

இரு அவைகளும் நிறைவேற்றிய பிறகு நாட்டுத் தலைவரின் ஒப்புதல், அரசிதழ் வெளியீடு, அமலாகும் தேதி என்ற படிகள் இருக்கின்றன. சட்டத்தில் தேதி சொல்லப்படாவிட்டால் ஆஸ்திரேலியாவில் ஒப்புதலுக்குப் பிறகு 28-ஆம் நாள் அமலாகும். ஜெர்மனியில் அரசிதழ் வெளியான நாளை அடுத்து 14-ஆம் நாள். இந்தியாவில் ஒப்புதல் கிடைத்த நாளே. ஆனால் பல இந்தியச் சட்டங்களின் முதல் பிரிவில், அரசு அறிவிக்கும் தேதியில் அமலுக்கு வரும் என்று இருக்கும். ஊதியச் சட்டத் தொகுப்பு 2019 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்றது. அதன் பெரும்பகுதி அமலானது 2025 நவம்பர் 21-இல். தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருப்பதால், அதன்கீழ் மாநில அரசுகளும் தமக்குரிய விதிகளை வகுக்க வேண்டும். எனவே முதல் பிரிவு, அறிவிக்கை, ஒன்றிய விதிகள், மாநில விதிகள் என்று நான்கையும் தேடிப் பார்த்தால்தான் உங்கள் ஊரில் இன்று எது பொருந்தும் என்று சொல்ல முடியும்.

சில ஒன்றியச் சட்டங்கள் கேட்ட மாநிலங்களுக்கு மட்டுமே பொருந்தும். 252-ஆவது பிரிவின்படி இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலப் பேரவைகள் தீர்மானம் போட்டால், மாநிலப் பட்டியல் பொருளிலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம்; பிற மாநிலங்கள் பின்னர் தீர்மானம் போட்டு ஏற்கலாம். அப்படி ஏற்றபின் அந்தச் சட்டத்தைத் திருத்துவதும் நீக்குவதும் நாடாளுமன்றத்தின் கையில்தான். ஆனால் அந்த நீக்கமும் தீர்மானம் போட்ட மாநிலத்தில் மட்டுமே செல்லும். 1976-இன் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 1999-இல் நீக்கியது. மகாராஷ்டிரம் அந்த நீக்கத்தை 2007-இல்தான் ஏற்றது. அதுவரை அங்கே பழைய சட்டமே ஓடிக்கொண்டிருந்தது.