பிள்ளைகள் கையாலேயே மனு: ஊராட்சியில் கேட்டு வாங்குவது எப்படி

எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 2022 தொடக்கத்தில் இல்லம் தேடிக் கல்வி (மாலையில் பிள்ளைகளுக்கு வீட்டுப் பக்கத்திலேயே பாடம் சொல்லும் அரசுத் திட்டம்) தன்னார்வலராக என் வீட்டுத் திண்ணையில் இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போக அண்ணன்மாரும் அக்காமாரும் வருவார்கள். பதினாறு, பதினெட்டு, இருபது வயது. வகுப்பு முடியும்வரை வாசலில் நிற்பார்கள். அந்த வயதுக்காரர்களுக்கு ஊரில் உட்கார இடம் என்றால் பாலத்துக் கட்டையும் டீக்கடை பெஞ்சும்தான். பெண்பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. எனக்கு அந்த வாசல் கூட்டம்தான் மனசை உறுத்திக்கொண்டே இருந்தது.

அவர்களுக்காக அரசு ஒதுக்கியிருப்பது கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் ஒன்று ஊராட்சி அலுவலகத்தில், ஒன்று மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில், ஒன்று விளையாட்டு அலுவலரிடம், ஒன்று கல்லூரியில் என்று சிதறிக் கிடக்கிறது. யாரும் வீடு தேடி வந்து சொல்வதில்லை. மூன்று வருடமாக அலைந்து நாங்கள் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: பெரியவர்கள் போய்க் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். மனுவைப் பிள்ளைகள் எழுதட்டும், அவர்களே போய்க் கொடுக்கட்டும். நீங்கள் கூடப் போய் நில்லுங்கள், போதும்.

முதலில் மைதானம். எங்கள் பையன்கள் கண்மாய்க்குள்தான் விளையாடினார்கள். ஐப்பசி மழை வந்து கண்மாய் நிறைந்துவிட்டால் தை கழியும்வரை விளையாட்டு கிடையாது. மைதானம் வேண்டும் என்று ஊராட்சி கிளார்க் அண்ணனிடம் வாய்வார்த்தையாகக் கேட்டார்கள். "பாக்கலாம் தம்பி" என்றார். இரண்டு மாதம் அதே பதில். வாயால் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எந்த அலுவலகத்துக்கும் இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். 18 நிரம்பாத பிள்ளைகளுக்குத் தீர்மானத்தில் பங்கு கிடையாது. ஆனால் அவர்கள் எழுந்து பேசியபோது எங்கள் ஊரில் யாரும் உட்காரச் சொன்னதில்லை. குறைந்தபட்ச வருகை இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது என்பதையும் மறந்துவிடாதீர்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். அதனால் மனு எழுதுகிற வேலையோடு ஆள் திரட்டுகிற வேலையும் சேர்ந்துகொள்கிறது. எங்கள் பிள்ளைகள் முந்தின நாள் சாயங்காலமே வீடு வீடாகப் போய், "நாளைக்கு மறக்காம வந்துருங்க அத்தை, எங்களுக்கு கிரவுண்டு கேக்குறோம்" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அத்தைமார்கள் வந்தார்கள்.

2022 நவம்பர் 1 கூட்டத்தில் கொடுத்த எங்கள் முதல் மனு தோற்றுப்போனது. "ஊரில் விளையாட்டு மைதானம் அமைத்துத் தர வேண்டும்" என்று ஒரே வரி. எந்த இடத்தில் என்று கேட்டார்கள். பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மனுவில் நிலத்தின் புல எண் (சர்வே நம்பர்) இல்லாவிட்டால் அது ஆசை, அவ்வளவுதான்.

மறுநாளே விஏஓவிடம் போனோம். ஊரில் எந்தெந்தப் புறம்போக்கு எங்கே இருக்கிறது, எவ்வளவு பரப்பு, என்ன வகை என்பதெல்லாம் 'அ' பதிவேட்டில் இருக்கிறது. புல எண் தெரிந்தால் அரசின் மின்சேவைத் தளத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். வகைதான் முக்கியம். கண்மாய், ஊருணி, ஓடை என்று நீர்நிலையாகப் பதிவாகியிருந்தால் அந்த இடத்தைக் கேட்கவே வேண்டாம். நீதிமன்றத் தீர்ப்புகள் குறுக்கே நிற்கும், கேட்பதும் நியாயமில்லை. மேய்க்கால், அதாவது மேய்ச்சல் நிலம் என்றிருந்தால் வகைமாற்றத்துக்கு அலைவதிலேயே பையன்களுக்குக் கல்யாண வயது வந்துவிடும். எங்களுக்கு அகப்பட்டது மந்தைப் புறம்போக்கு, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. பையன்கள் நான்கு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கயிறு பிடித்து அளந்தார்கள். கை காலெல்லாம் முள். ஒருவன் பள்ளிக்கூடக் கோடுபோட்ட தாளில் வரைபடம் போட்டான்: வடக்கே பள்ளிக்கூடம், கிழக்கே தார்ச்சாலை, நடுவில் வாலிபால் கோர்ட், 18 மீட்டருக்கு 9 மீட்டர். அந்தத் தாளை இன்னும் நான் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது மனு இப்படி இருந்தது. நீங்களும் இதே அமைப்பில் எழுதலாம்.

"பெறுநர்: ஊராட்சி மன்றத் தலைவர் அவர்கள். பொருள்: நமது ஊர் மந்தைப் புறம்போக்கில் விளையாட்டு மைதானம் அமைக்கத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டி. ஐயா, நமது ஊரில் 13 முதல் 25 வயது வரை உள்ள 86 பேர் கீழே கையெழுத்திட்டுள்ளோம். எங்களுக்கு விளையாட இடம் இல்லை. மேற்படி புறம்போக்கு நிலம் நீர்நிலை அல்ல. அதன் 'அ' பதிவேட்டு நகலும் நாங்கள் வரைந்த வரைபடமும் இணைத்துள்ளோம். முள்மரங்களை அகற்றிச் சமன்செய்து, ஒரு வாலிபால் கோர்ட்டும் ஒரு மின்விளக்கும் அமைத்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்."

முதல் வரியிலேயே புல எண்ணையும் பரப்பையும் எழுதினோம்; இங்கே மட்டும் அவற்றை விட்டிருக்கிறேன். ஒரே மனுவில் ஒரே கோரிக்கை. சாலை, தண்ணீர், மைதானம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால் எது யார் வேலை என்று தெரியாமல் அந்தத் தாள் கோப்புக்குள் போய் உறங்கிவிடும்.

மனுவை இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதி போட்டு, கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். இதற்குத்தான் பிள்ளைகள் தயங்குவார்கள். எங்களோடு வந்த பதினோராம் வகுப்புப் பெண்ணிடம் முத்திரை கேட்கச் சொன்னேன். அவளுக்குக் குரலே எழும்பவில்லை. துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். "சீல் எல்லாம் எதுக்கும்மா, நான் எங்க ஓடியா போறேன்" என்றார் கிளார்க். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "இல்லண்ணே, சீல் வச்சுக் குடுத்தாத்தான் நாங்க போவோம்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே மேசை டிராயரைத் திறந்தார். வெளியே வந்ததும் அந்த ஊதா முத்திரையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மை கையில் ஒட்டிக்கொண்டது. இப்போது அவள் பட்டப்படிப்பில் இருக்கிறாள். எந்த அலுவலகத்துக்கும் அவளை நம்பி அனுப்பலாம்.

2023 ஜனவரி 26 அன்று தீர்மானம் நிறைவேறியது. தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடிக்கும்வரை அங்கிருந்து நகராதீர்கள். கூட்டத்தில் எல்லோரும் கைதட்டிய விஷயம் புத்தகத்தில் ஏறாமல் போவது உண்டு. அதன் நகலையும் கேட்டு வாங்குங்கள். அந்தக் கோடையில் முள் அகன்றது, தரை சமமானது. வாலிபால் கம்பத்தை மட்டும் ஊர்க்காரர்கள் சேர்ந்து நட்டோம்.

மைதானம் வந்ததும் எங்கள் கண்ணில் பட்ட குறை, பெண்பிள்ளைகள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்ததுதான். இடம் கேட்டு வாங்கியவளுக்கே அங்கே இடமில்லை. அடுத்த மனுவை அவர்களே எழுதினார்கள்: மாலை நாலரை முதல் ஐந்தரை வரை மைதானம் பெண்களுக்கு. பையன்கள் முறுக்கிக்கொண்டார்கள். கிராம சபையில் ஒரு ஆயா எழுந்து, "மனுவுல கையெழுத்துப் போட்டது எத்தனை பொம்பளப் புள்ளைக, எண்ணிப் பாருங்கடா" என்றார். எண்ணினோம், 41. அதற்கு மேல் பேச்சில்லை. நீங்கள் மைதானம் கேட்கும்போதே நேரப் பிரிவையும் விளக்கையும் சேர்த்துக் கேளுங்கள். பின்னால் கேட்பது கடினம்.

2024இல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் ஸ்போர்ட்ஸ் கிட் வந்தது, 33 வகை விளையாட்டுப் பொருட்கள். உங்கள் ஊரில் அது எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். நான் கேள்விப்பட்ட பல இடங்களில் பெட்டி பிரிக்காமல் அறைக்குள் பூட்டிக் கிடந்தது. இருப்புப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள், சாவி யாரிடம் என்று கேளுங்கள். இரண்டு பிள்ளைகள் பெயரில் பொருள் எடுத்துத் திருப்பி வைக்கும் நோட்டு ஒன்று போட்டுக்கொடுத்தால், தொலைந்துவிடுமோ என்ற பயம் அலுவலகத்துக்கு விலகும். எங்களுக்கு அந்த நோட்டுதான் கதவைத் திறந்தது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளி, கல்லூரி மாணவர்களோடு 15 முதல் 35 வயது வரையான பொதுப் பிரிவினரும் கலந்துகொள்ளலாம். பதிவு இணையத்தில்தான். படிப்பை விட்ட பிள்ளைகளுக்கு இதை மறக்காமல் சொல்லுங்கள், விளையாட்டு பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

நூலகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்த்து வாங்குகிறார்கள், 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின்படி. ஆகவே நூலகத்தில் போட்டித் தேர்வுப் புத்தகம் வேண்டும் என்று கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை. மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதலாம்.

தலைவர் இல்லாத ஊராட்சியில் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. தலைவர் நாற்காலி காலியாக இருக்கும் காலத்தில் மனுவை, அவர் இடத்தில் பொறுப்பு வகிக்கும் தனி அலுவலர் பெயருக்கு எழுதுங்கள். அங்கே அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது. அங்கே மனுவுக்கு எண் தருவார்கள்; அந்த எண்ணை வைத்து 1100இல் கூப்பிட்டு நிலவரம் கேட்கலாம். அதற்கும் மசியாவிட்டால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: "இன்ன தேதியில் கொடுத்த மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன?" 30 நாளில் பதில் தர வேண்டும். நாங்கள் மின்விளக்குக்காக ஒரு முறை இதைச் செய்தோம். பதில் வருவதற்கு முன்பே விளக்கு வந்துவிட்டது.

படிப்பு உதவிகளில் நான் அதிகம் பார்த்தது தகுதி இருந்தும் பணம் வந்து சேராத பிள்ளைகளை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ சேரும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000; இது 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப்புதல்வன். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் உண்டு. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகிறது, ஊராட்சியில் கேட்டுப் பயனில்லை. எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு மூன்று மாதம் பணம் வரவில்லை. அவள் கொடுத்த பாஸ்புக்கில் ஒன்றுமில்லை. கடைசியில் பார்த்தால், ஆறாம் வகுப்பில் உதவித்தொகைக்காகத் திறந்து மறந்துபோன வேறொரு வங்கிக் கணக்கில் பணம் பத்திரமாக இருந்தது. ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அங்கேதான் பணம் போகும், நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குக்கு அல்ல. கல்லூரி சேருவதற்கு முன்பே வங்கியில் இதைச் சரிபார்த்துவிடுங்கள். அதோடு ஆதார், மாற்றுச்சான்று, பாஸ்புக் மூன்றிலும் இனிஷியலும் பெயர் எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றுகளை இ-சேவையில் ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள், ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 60 ரூபாய். ஜூனில் எல்லோரும் முண்டியடிப்பார்கள்.

பத்தாவது தவறிய பையன் தலையைக் குனிந்துகொண்டு பெயின்ட் வேலைக்குக் கிளம்பும்போது அவனை நிறுத்தி இரண்டு விஷயம் சொல்லுங்கள். உடனே வரும் துணைத் தேர்வில் விட்ட பாடத்தை மட்டும் எழுதலாம். எட்டாவது தேறியிருந்தாலே அரசு ஐடிஐயில் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளில் சேரலாம், மாதம் ரூ.750 உதவித்தொகையும் உண்டு. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் இப்படித்தான் வெல்டர் ஆனான், மைதானத்து வாலிபால் கம்பத்தில் வலை மாட்டும் கொக்கி அவன் வைத்தது. பள்ளி சம்பந்தமான எந்தச் சந்தேகத்துக்கும் 14417இல் கூப்பிடலாம். பெண்ணுக்குப் பதினெட்டுக்கு முன் கல்யாணப் பேச்சு எடுத்தால் 1098. பிள்ளை மனசு உடைந்து பேசாமல் கிடந்தால் 14416. இந்த மூன்று எண்ணையும் நூலகக் கதவில் எழுதி ஒட்டினோம்.

படித்து முடித்தவர்களுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம். பதிவை மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அங்கேயே தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, டிஎன்பிஎஸ்சி தேர்வுகளுக்கு இலவசமாக வகுப்பு எடுக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருப்பவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு; பத்தாவது தேறியவருக்கு மாதம் ரூ.300, பன்னிரண்டாவதுக்கு ரூ.400, பட்டதாரிக்கு ரூ.600, மூன்று வருடத்துக்கு. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.72,000க்குள் இருக்க வேண்டும். சின்னத் தொகைதான், ஆனால் தேர்வுக் கட்டணத்துக்கும் பஸ்ஸுக்கும் அப்பாவிடம் கை நீட்டாமல் ஒரு பிள்ளை இருக்க முடிகிறது.

அடுத்த கிராம சபைக்கு நூலகத்தைச் சாயங்காலம் ஏழரை வரை திறந்து வைக்கக் கேட்டு எங்கள் பிள்ளைகள் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இந்த முறை எழுதுவது எட்டாம் வகுப்புக் கூட்டம். முதல் வரியில் ஊர்ப் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள். திருத்தி எழுதச் சொல்லித் திண்ணையில் உட்கார வைத்திருக்கிறேன்.