பாவாடை மாடலுக்கு யூவி டெம்ப்ளேட் எடுப்பது

என் அம்மா தையல்காரர். ஜாக்கெட் துணியைத் தரையில் விரித்து, முன்பக்கம், முதுகு, கை என்று சாக்பீஸால் வரைந்த பிறகுதான் கத்தரியை எடுப்பார். யூவி டெம்ப்ளேட்டும் அந்த மாதிரிக் கோட்டுப்படம்தான். டிஜிட்டல் மாடல் போட்டிருக்கும் உடையைத் தையல் பிரித்துத் தட்டையாக விரித்தால் எப்படி இருக்குமோ, அது. அதன் மேல் வரையும் டிசைன் உடையில் அந்தந்த இடத்தில் போய் உட்காரும்.

போன மாதம் டாஸ் ஸ்டூடியோ என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு பெண் மாடலின் நீளப் பாவாடைக்குக் காரைக்குடிக் கண்டாங்கிக் கட்டம் போட ஆசைப்பட்டேன். உடையோடு டெம்ப்ளேட் வரவில்லை. உடையைச் செய்தவர்களில் சிலர் தனி ஜிப் ஃபைலாகக் கொடுப்பார்கள், முதலில் அதைத் தேடுங்கள். இல்லையென்றாலும் பரவாயில்லை. விரித்த வடிவம் (அதுதான் யூவி) மாடலுக்குள்ளேயே இருக்கிறது, பிளெண்டரில் எடுத்துவிடலாம். பிளெண்டரும் முப்பரிமாண மென்பொருள்தான், இலவசம்.

டாஸில் உடையைத் தவிர எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். உடையின் பரப்பு எவ்வளவு நுணுக்கமாகப் பிரிந்திருக்கிறது என்பதைச் சொல்லும் ரெசல்யூஷன் லெவலை ‘பேஸ்’ ஆக்குங்கள், இல்லாவிட்டால் கோடுகள் சல்லடை போல நெருங்கிவிடும். அப்புறம் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்து ஓபிஜே (முப்பரிமாண வடிவத்துக்கான ஃபைல் வகை) ஆகச் சேமியுங்கள். அப்போது வரும் பெட்டியில் ‘இக்னோர் இன்விசிபிள் நோட்ஸ்’, ‘ரைட் யூவி கோஆர்டினேட்ஸ்’ இரண்டிலும் டிக் இருக்க வேண்டும்.

அந்த ஓபிஜேயை பிளெண்டரில் இம்போர்ட் செய்து ‘யூவி எடிட்டிங்’ பக்கத்துக்குப் போங்கள். எடிட் மோடில் ஏ கீயை அழுத்தினால் இடது பக்கம் எல்லாத் துண்டுகளும் தெரியும். என் பாவாடையில் இடுப்புப் பட்டியும் பாவாடைத் துணியும் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. இரண்டும் வேறு வேறு மெட்டீரியல், அதாவது தனித்தனியாக வண்ணம் கொடுக்கும் பகுதிகள், என்பதுதான் காரணம். அப்படி இருந்தால் எல்லாத் தேர்வையும் நீக்கிவிட்டு, மெட்டீரியல் பட்டியலில் ஒன்றை மட்டும் எடுத்து ‘செலக்ட்’ கொடுங்கள். மெட்டீரியலுக்கு ஒரு டெம்ப்ளேட்.

இங்கே அவசரப்படாதீர்கள். நான் அவசரப்பட்டு இரண்டு சாயங்காலம் கட்டம் வரைந்து ஏற்றினேன். முன்பக்கம் அழகாக வந்தது. பின்பக்கத்தில் கீழே ஓடவேண்டிய கரை, பக்கத் தையலை ஒட்டி மேலிருந்து கீழாக நின்றது. அம்மா எட்டிப் பார்த்ததும், “பின் பீஸைக் குறுக்கால போட்டு வெட்டியிருக்காங்கடி” என்றார். உண்மைதான். அந்தத் துண்டு யூவியில் படுத்துக் கிடந்தது.

அதனால் வரையும் முன் சோதியுங்கள். யூவி எடிட்டரில் புதிய இமேஜ் உருவாக்கும்போது ‘கலர் கிரிட்’ வகையைத் தேர்ந்தெடுத்து, அதை மெட்டீரியலின் பேஸ் கலரில் மாட்டுங்கள். கட்டத்துக்குள் உள்ள எழுத்துகள் நேராகத் தெரிந்தால் துண்டு நேராக இருக்கிறது. படுத்திருந்தால் துண்டும் படுத்திருக்கிறது. கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருந்தால் அந்தப் பக்கம் பெயரோ எழுத்தோ வைக்க முடியாது. சதுரம் இழுபட்டுத் தெரியும் இடத்தில் கட்டம் போட்ட துணியும் இழுபடும்.

திரும்பியிருக்கும் துண்டை பிளெண்டரில் நேராக்கிவிடாதீர்கள். டாஸில் இருக்கும் உடை தன் பழைய யூவியைத்தான் பார்க்கும். திருப்பவேண்டியது டிசைனை.

சரி, இப்போது யூவி மெனுவில் ‘எக்ஸ்போர்ட் யூவி லேஅவுட்’. ‘ஆல் யூவிஸ்’ அணைந்திருக்கட்டும், அப்போதுதான் தேர்ந்தெடுத்த துண்டுகள் மட்டும் வரும். அளவு தொடக்கத்தில் 1024 என்று இருக்கும், கட்டத்துணிக்கு அது போதாது. நான் 4096 வைக்கிறேன். ‘ஃபில் ஒபாசிட்டி’ 0 என்றால் கோடு மட்டும் வரும். இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் வரைபவர்கள் எஸ்விஜி ஃபைலாக எடுங்கள், மற்றவர்களுக்கு பிஎன்ஜி.

கிருதா என்ற ஓவிய மென்பொருளில் டெம்ப்ளேட்டை மேல் லேயராக வைத்துப் பூட்டிவிட்டு, கீழே வரையுங்கள். கோட்டோடு நிறுத்தாமல் 16 பிக்சலாவது தாண்டி வண்ணம் போகட்டும், தையலுக்கு விடும் துணி மாதிரி. இல்லாவிட்டால் இணையும் இடத்தில் வெள்ளைக் கீற்று தெரியும். சேமிக்கும்போது டெம்ப்ளேட் லேயரை மறைத்துவிட்டு, டாஸில் சர்ஃபேஸஸ் பகுதியின் பேஸ் கலரில் படத்தைக் கொடுங்கள்.

பின் துண்டின் கட்டத்தை 90 டிகிரி திருப்பி, பக்கத் தையலில் அரக்குக் கோடு அரக்குக் கோட்டோடு சேரும்வரை நகர்த்திப் பார்த்தேன். ஆறாவது முறை சேர்ந்தது.