லினக்ஸ் பழக்கத்தோடு ஃப்ரீபிஎஸ்டிக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரிடம் ஃப்ரீபிஎஸ்டி என்ற, லினக்ஸைப் போன்ற இன்னொரு இயங்குதளம் ஓடும் ஒரு சர்வரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இருவரும் லினக்ஸ் வகையான உபுண்டுவில் நன்றாகக் கை பழகியவர்கள். சில வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறுகளை, கிட்டத்தட்ட அதே வரிசையில் செய்தார்கள். கட்டளைப் பெயர்கள் மாறியிருப்பதெல்லாம் அரை நாளில் பழகிவிடும், அதை விடுங்கள்.

ரூட்டின் ஷெல்லை பாஷுக்கு மாற்றுவது

ரூட் என்பது எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசர் கணக்கு. ஷெல் என்பது நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல், லினக்ஸ்காரர்களுக்குப் பழகியது பாஷ். ரூட்டுக்கு அதை வைப்பதைப் பார்த்தால் இன்னமும் எனக்குக் கோபம் வரும். ஃப்ரீபிஎஸ்டியில் அடிப்படை சிஸ்டம் தனி, பிகேஜி என்ற பேக்கேஜ் நிறுவும் கட்டளை வழியாக நாம் போடுவது தனி. நாம் போடுவது கிட்டத்தட்ட எல்லாமே /யூஎஸ்ஆர்/லோக்கலுக்குள்தான் போய் உட்காரும், பாஷும் அப்படித்தான். 2023-இல் 14.0 வரும்வரை ரூட்டின் ஷெல் சிஎஸ்ஹெச் என்ற வேறு வகை. அதில் பாஷ் பழக்கத்தில் ‘எக்ஸ்போர்ட்’ என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று சொல்லும். எரிச்சலில் ரூட்டுக்கும் என் கணக்குக்கும் சேர்த்தே பாஷை வைத்துவிட்டேன்.

ஒரு நாள் இரவு பேக்கேஜ்களை அப்டேட் செய்துகொண்டிருந்தபோது பாதியில் இணைப்பு அறுந்தது. மறுபடி உள்ளே போகப் பார்த்தால், பாஷுக்குத் தேவையான லிப்இன்டில் நூலகம் காணவில்லை என்று ஒற்றை வரி காட்டிவிட்டு வெளியே தள்ளியது. கடவுச்சொல் சரி, தூரத்திலிருந்து உள்ளே நுழையும் எஸ்எஸ்ஹெச் சரி, ஆனால் திறக்க ஷெல் இல்லை! டேட்டா சென்டர்காரரை எழுப்பி கன்சோல் (மெஷினின் நேரடித் திரை) வாங்கி, பூட் மெனுவில் 2-ஐ அழுத்தி சிங்கிள் யூசர் என்ற பழுதுபார்ப்பு நிலைக்குப் போய், அது கேட்ட இடத்தில் அடிப்படை சிஸ்டத்தோடே வரும் எஸ்ஹெச் ஷெல்லுக்கு என்டர் தட்டி, படிக்க மட்டுமே திறந்திருந்த டிஸ்க்கை எழுதும்படி மறுபடி மவுன்ட் செய்து, ஷெல்லைப் பழையபடி மாற்றி முடிக்கும்போது விடிந்துவிட்டது. அதுவரை வாடிக்கையாளரின் தளம் படுத்தே கிடந்தது.

ரூட்டை அப்படியே விடுங்கள். உள்ளே போனபின் ‘பாஷ்’ என்று அடித்தால் வந்துவிடப் போகிறது. இல்லை, சூப்பர்யூசருக்கு பாஷ் வேண்டியே தீரும் என்றால் அதற்கென்றே ‘டூர்’ என்று இன்னொரு கணக்கு இருக்கிறது, ரூட்டின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்ட பெயர். அதற்குக் கடவுச்சொல் வைத்து எந்த ஷெல் வேண்டுமோ வைத்துக்கொள்ளுங்கள்.

/ஈடிசிக்குள் கான்ஃபிக் தேடுவது

இருவரில் ஒருவர், அமைப்புக் கோப்புகள் (கான்ஃபிக்) இருக்கும் /ஈடிசிக்குள் வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் பெயரில் தானே ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் சைட்ஸ்-எனேபிள்டும் வைத்து, அரை மணி நேரம் எழுதினார். என்ஜின்எக்ஸ் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. அது படிப்பது /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஈடிசி/என்ஜின்எக்ஸ். சைட்ஸ்-எனேபிள்டு என்பது உபுண்டுவின் மூலமான டெபியன் லினக்ஸ் வீட்டு வழக்கம்.

/ஈடிசி/டிஃபால்ட்ஸ்

சிஸ்டத்தோடு வரும் இயல்பு அமைப்புகள் இருக்கும் ஃபோல்டர் இது. படியுங்கள், திருத்தாதீர்கள்.

ஆர்சி.கான்ஃபைக் கையால் திருத்துவது

பூட் ஆகும்போது எந்தெந்த சர்வீஸ் ஓட வேண்டும் என்று சொல்லும் கோப்பு இது. அதை எஸ்ஹெச் ஒரு ஸ்கிரிப்டாகவே படிக்கிறது. ஒரு மேற்கோள் குறியை மூட மறந்தால் அடுத்த பூட்டில் மெஷின் பாதியிலேயே நின்றுவிடும். சிஸ்ஆர்சி கட்டளை இருக்கிறது, அதில் போடுங்கள். அப்புறம், உபுண்டுவில் போல பேக்கேஜ் போட்டவுடன் சர்வீஸ் தானாக ஓடாது. என்ஜின்எக்ஸ்_எனேபிள் என்பதற்கு ‘யெஸ்’ கொடுத்த பிறகுதான் கிளம்பும்.

ஸ்கிரிப்டின் முதல் வரி

/பின்/பாஷ் என்று எழுதாதீர்கள். இங்கே அந்த இடத்தில் அது கிடையாது. பாஷ் இருக்கும் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும் ‘என்வ்’ கட்டளை வழியாகக் கூப்பிடுங்கள், இரண்டு சிஸ்டத்திலும் ஓடும்.