டிபிஎம் சிப் டிரைவரை மிப்ஸ் போர்டுக்கு மாத்துறது: முதல்ல நாலு பைட்டைப் பிடியுங்கோ

கடற்கரைப் பக்கம் வைக்கிற கேட்வே பெட்டிக்குள்ள விபிஎன் கீ இருக்கும், அதை ஆரும் கொப்பி பண்ண ஏலாம இருக்கவேணும், அதுக்காகத்தான் டிபிஎம் சிப் (கீயைத் தனக்குள்ளயே பூட்டி வைக்கிற பாதுகாப்புச் சிப்) போட்டன். ராஸ்பெரி பையில வடிவா ஓடின என்ட சின்ன டிரைவரை மிப்ஸ் ப்ராசசர் இருக்கிற பழைய ரவுட்டர் போர்டுக்கு கொண்டு போனா ஒண்டுமே சரிவரேல்ல. நாலு ராத்திரி போச்சு, உங்களுக்குப் போகக்கூடாது எண்டுதான் எழுதுறன். சிப் இன்ஃபினியன் எஸ்எல்பி 9670.

வயரிங், 3.3 வோல்ட், எஸ்பிஐ (சிப்போட பேசுற சீரியல் இணைப்பு) மோட் 0 எல்லாம் உங்களுக்குத் தெரியும். கிளாக்கை 1 மெகாஹெர்ட்ஸில தொடங்குங்கோ, பிறகு கூட்டலாம்.

முதல் வேலை, வெண்டர் ஐடி ரெஜிஸ்டரை (சிப்பைச் செய்த கம்பனியின்ட நம்பர் இருக்கிற இடம்) வாசிக்கிறது. 83, டி4, 0எஃப், 00 எண்டு ஹெக்ஸில நாலு பைட் அனுப்பினா சிப் டி1, 15, 1பி, 00 எண்டு திருப்பித் தரும். இது வராம அடுத்த படிக்குப் போகவே வேணாம்.

எனக்கு வெண்டர் ஐடி 15டி1 வரவேண்டிய இடத்தில 1பி00 வந்துது. வயர்தான் பிழை எண்டு நினைச்சு மூண்டு ராத்திரி கழட்டிக் கழட்டிப் பூட்டினன், கடைசியா லொஜிக் அனலைசரை (வயரில போற சிக்னலைக் காட்டுற கருவி) போட்டு பல்ஸ்வியூ சொஃப்ட்வேரில பார்த்தா வயரில வாற பைட் நாலும் சரி! அதை நம்பரா சேர்க்கிற இடத்திலதான் பிழை. ராஸ்பெரி பையின்ட ஆர்ம் ப்ராசசர் லிட்டில் எண்டியன் (நம்பரின்ட கடைசி பைட் முதல்ல), இந்த மிப்ஸ் பிக் எண்டியன் (பெரிய பைட் முதல்ல). இந்தச் சிப்பில ரெஜிஸ்டர் எல்லாம் லிட்டில், ஆனா கமாண்ட் எல்லாம் பிக். இந்த ரெண்டையும் மனசில பிரிச்சு வையுங்கோ.

என்ட பழைய கோட் ரெஜிஸ்டரை அப்பிடியே 32 பிட் நம்பரா எடுத்துது, கமாண்டை மட்டும் எப்பவும் திருப்பிப் போட்டுது. ஆர்மில ரெண்டும் சரி, மிப்ஸில ரெண்டும் பிழை. பர்ஸ்ட் கவுண்ட் (ஒரே தரத்தில அனுப்பக்கூடிய பைட் எண்ணிக்கை) 64 வரவேண்டியது 16384 எண்டு வந்துது. ஸ்டார்ட்அப் கமாண்டின்ட நீளம் 12, அது 201326592 எண்டு போச்சு.

பொயின்டரை காஸ்ட் பண்ணி நாலு பைட்டை ஒரேயடியா நம்பரா எடுக்காதேங்கோ. ஒவ்வொரு பைட்டா எடுத்து ஷிஃப்ட் பண்ணிக் கூட்டுங்கோ, எந்த ப்ராசசரிலயும் ஓடும், கமாண்டில நீளம் ரெண்டாவது பைட்டுக்குப் பிறகு தொடங்குறதால வாற அலைன்மென்ட் பிரச்சினையும் (நாலால பிரியாத இடத்தில 32 பிட் நம்பர் இருக்கிறது) தீரும். லினக்ஸ் கெர்னலுக்குள்ள எழுதுறீங்கள் எண்டா எண்டியன் டைப் போட்டு ஸ்பார்ஸ் எண்ட கோட் சோதிக்கிற டூலை ஓடவிடுங்கோ, பிழையான இடத்தைக் காட்டித் தரும். பிரின்ட் போட்டுத் தேடுறதை விட அனலைசர்தான் என்ட தெரிவு, விலை குறைஞ்ச எட்டு சனல் போதும்.

அடுத்தது சிப் செலக்ட், இந்தச் சிப்போடதான் பேசுறம் எண்டு காட்டுற லைன். நீங்கள் நாலாவது பைட்டை அனுப்பேக்க சிப் தன்ட பக்கத்தால தாற பைட்டின்ட கடைசி பிட் 0 எண்டா "பொறு" எண்டு அர்த்தம், அந்த பிட் 1 ஆகும்வரை ஒவ்வொரு பைட்டா கிளாக் குடுக்கவேணும், அது முடிய டேட்டாவும் வந்து முடியும்வரை சிப் செலக்ட் லைன் கீழயே நிக்கவேணும். இடையில மேல போனா அந்தப் பரிமாற்றமே போச்சு. உங்கட எஸ்பிஐ கன்ட்ரோலர் தானா தூக்குது எண்டா நீங்களே கோட்டால ஏத்தி இறக்கக்கூடிய ஜிபிஐஓ பின்னுக்கு மாத்துங்கோ.

பிறகு சேர்த்தது: மூதூரில இருந்து ஒரு தம்பி எல்லாம் எஃப்எஃப் எண்டு வருது எண்டு கேட்டிருந்தார். அப்பிடி வந்தா கோட்டைத் தொடாதேங்கோ, ரீசெட் பின்னையும் மிசோ வயரையும் (சிப்பில இருந்து டேட்டா வாற வயர்) பாருங்கோ. எங்கட உப்புக் காத்துக்கு ஜம்பர் வயர் முனை பச்சை பிடிக்கும், அவருக்கும் அதுதான், வயரை மாத்தினதும் டி1 15 1பி 00 வந்திட்டுது.